மயில் நீலம் ஏன் கத்தரிப்பூ நிறமாகிறது?

மார்ச் 2, இரவு 9.15 – செந்தூலிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் வட்டாரக் கோயிலின் கும்பாபிஷேக மலர் இந்த முறையும் என் தலையில் விழுந்திருக்கிறது. 64 பக்கம், முழு வண்ணம், ஆயிரம் பிரதி. போன தடவை போட்ட மலரில் முருகன் பக்கத்தில் நின்ற மயில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. பத்துமலைப் படிக்கட்டு, துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை மாதிரி. தலைவர் முகத்தில் சாம்பல் அடித்திருந்தது. அதற்கு இன்றுவரை எனக்குத்தான் திட்டு. அச்சகத்தில் கேட்டால் "உங்க ஃபைல் ஆர்ஜிபி, நாங்க என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் சிஎம்ஒய்கேக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா? நான் பள்ளி ஆசிரியன், டிசைனர் இல்லை.

மார்ச் 2, இரவு 11.40 – பதில்

தீராது. மாற்றும்போதுதான் அந்த மயில் செத்தது. அரிசியைக் களைந்துவிட்டேன், சோறாகிவிடுமா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் விளக்கு, அதுதான் ஆர்ஜிபி. சேரச் சேர வெளிச்சம் கூடும். தாளில் சயான் (வெளிர்நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றும் மை, கூடவே கறுப்பு, இந்த நாலும்தான் சிஎம்ஒய்கே. சேரச் சேர இருட்டும். கைப்பேசி காட்டுகிற அந்த அழுத்தமான நீலத்துக்கு அச்சுக்கூடத்தில் தனி மை கிடையாது. சயான்மேல் மஜெந்தாவை அடித்துத்தான் அதைச் செய்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் எதையும் தொடாமல், அது முதலில் வந்த அமைப்பிலேயே சுத்த நீலத்தை (0, 0, 255) மாற்றிப் பாருங்கள். சயான் 88 சதவீதம், மஜெந்தா 77 என்று வரும். மஜெந்தா பலசாலி. சயான் மை சுத்தமானதும் இல்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அளவில் சேர்ந்தால் ஊதாதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு: நீலம் நீலமாக நிற்க, சயானைவிட மஜெந்தா 20 புள்ளியாவது குறைவாக இருக்கவேண்டும். மயில் கழுத்தில் மவுஸை வைத்து இன்ஃபோ பேனலில் எண்ணைப் பாருங்கள். நிறத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். கண் ஏமாறும்.

மார்ச் 3, காலை 7.05

தூக்கத்தில் நினைவு வந்தது. 20 தப்பு, 30. சயான் 100 என்றால் மஜெந்தா 70ஐத் தாண்டக்கூடாது. 60 என்றால் இன்னும் நிம்மதி. 20 என்பது பழைய முதலாளி ஒருவரோடு சண்டை போட்டுத் தோற்ற எண், அது எப்படியோ விரலில் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 3, மதியம் 1.20

வாசகர் அனுப்பிய மயிலைத் திறந்து பார்த்தேன். கழுத்தில் சயான் 92, மஜெந்தா 79. பிறகு எப்படி நீலமாக வரும்?

இரண்டு வழி இருக்கிறது. மாற்றுவதற்கு முன்னால், ஆர்ஜிபியில் இருக்கும்போதே, வியூ மெனுவில் புரூஃப் செட்டப்பில் உங்கள் அச்சகத்தின் புரொஃபைலைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல்-ஒய் அழுத்துங்கள். தாளில் எப்படி வரும் என்பதன் ஒத்திகை அது. அதைப் பார்த்தபடியே ஹியூ-சாச்சுரேஷனில் நீலத்தை மட்டும் பிடித்து, சயான் பக்கமாகப் பத்துப் புள்ளி தள்ளுங்கள். மாற்றியாகிவிட்டது என்றால் செலக்டிவ் கலரில் ப்ளூஸ் எடுத்து மஜெந்தாவை 15, 20 குறையுங்கள். திரையில் மயில் கொஞ்சம் பச்சைக்குப் போன மாதிரி தெரியும், பயப்படவேண்டாம்.

கன்வர்ட் செய்யும்போது இன்டென்ட் என்று ஒன்று கேட்கும். ரிலேட்டிவ் என்றால், மையால் கொண்டுவர முடிகிற எல்லைக்குள் இருக்கும் நிறம் அப்படியே நிற்கும், எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் ஓரத்தில் குவிந்துவிடும். மயில் கழுத்தின் நாற்பது வகை நீலமும் ஒரே நீலமாகிவிடும், இறகின் வரி தெரியாது. பெர்செப்சுவல் என்றால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நெருங்கி உட்காரும், கடைசி பஸ்ஸில் எல்லோரும் ஏறிக்கொள்கிற மாதிரி. மயிலுக்குப் பெர்செப்சுவல், முகங்களுக்கு ரிலேட்டிவ். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் இரண்டு விதமாகவும் மாற்றி, லேயராக அடுக்கி, மாஸ்க் போட்டுவிடுவேன். சோம்பேறித்தனம் இல்லாத நாளில்.

மார்ச் 3, இரவு 10.30

"அச்சகத்தின் புரொஃபைல்" என்று சர்வசாதாரணமாக எழுதிவிட்டேன். வாசகர் போன் செய்து கேட்டிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் "ஃபேஸ்புக் புரொஃபைலா?" என்றாராம். ரொம்ப நேரம் சிரித்தேன். எந்த எண் அந்தத் தாளில், அந்த மையில் என்ன நிறமாக வரும் என்று ஃபோட்டோஷாப்புக்குச் சொல்லும் கோப்பு அது.

நடைமுறை இதுதான். கவுன்டரில் கேட்காதீர்கள், பிரி-பிரஸ் ஆளை, அதாவது அச்சுக்கு முன் ஃபைலைத் தயார்செய்கிறவரைக் கேளுங்கள். எந்தத் தாள், எத்தனை கிராம், மொத்த மை எவ்வளவு தாங்கும், எந்த ஐசிசி புரொஃபைலில் புரூஃப் அடிக்கிறீர்கள். சொல்லத் தெரிந்தால் அதையே போடுங்கள். தெரியாவிட்டால், ஆர்ட் பேப்பருக்கு ஐஎஸ்ஓ கோட்டட் வி2 என்பதில் 300 சதவீத வகை. ஃபோக்ரா39 என்ற அச்சு அளவீட்டிலிருந்து செய்தது, இசிஐ என்ற ஐரோப்பிய நிற அமைப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஃபோக்ரா51 அதற்குப் பின்னால் வந்தது. உங்கள் அச்சகம் அதற்கு மாறியிருந்தால் பிரி-பிரஸ் ஆளே சொல்வார்.

எதைச் செய்யக்கூடாது என்றால், ஃபோட்டோஷாப் தானாகக் கொடுக்கும் யுஎஸ் வெப் கோட்டட் ஸ்வாப்பில் மாற்றுவது. அந்த "வெப்" இணையம் இல்லை. ரோல் தாளில் ஓடும் அமெரிக்கப் பத்திரிகை மெஷின் அது. நம் ஊரில் மலர் ஓடுவது ஷீட் மெஷினில். அங்கே போகிற மையும் தாளும் வேறு.

இன்னொன்று: அசைன் வேறு, கன்வர்ட் வேறு. கன்வர்ட் எண்ணை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். அசைன் எண்ணை அப்படியே விட்டு நிறத்தை மாற்றும். கோயில் புகைப்படக்காரர் கேமராவை அடோபி ஆர்ஜிபியில் வைத்து எடுத்திருப்பார். இடையில் யாரோ ஒருவர் அந்த அடையாளத்தைக் கழற்றிவிட்டிருப்பார். படம் சோகமாக, வெளுத்துத் திறக்கும். அப்போது மட்டும் அசைன். மற்ற நாளெல்லாம் கன்வர்ட்.

மார்ச் 4, இரவு 12.15

மொத்த மை பற்றிக் கேட்டதால் இந்தக் கதை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

2008. நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஒரு தீபாவளி இதழுக்கு அட்டை. கருஞ்சிவப்பு இருட்டில் குத்துவிளக்கு ஒன்று மட்டும் எரிகிற படம். இருட்டு போதாது, போதாது என்று இறக்கிக்கொண்டே போனேன். சயான் 95, மஜெந்தா 90, மஞ்சள் 85, கறுப்பு 95. கூட்டினால் 365. மானிட்டரில் பட்டுத்துணி மாதிரி இருந்தது. மெஷின்காரர் பிளேட்டைப் பார்த்தே முகத்தைச் சுளித்தார். நான் "ஓட்டுங்க அங்கிள்" என்றேன்.

ராத்திரி ஓடி முடிந்த ஷீட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் நான் போனபோது தவுக்கே, எங்கள் முதலாளி, அடுக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேலே இருந்த ஷீட்டைத் தூக்கினார். சர்ர்ர் என்று, பழைய பிளாஸ்திரியைப் பிய்க்கிற சத்தம். ஷீட்டின் வெள்ளைப் பின்பக்கத்தில் இன்னொரு குத்துவிளக்கு, மங்கலாக, தலைகீழாக. ஒவ்வொரு ஷீட்டின் பின்னாலும். காய்வதற்கு நேரமே இல்லாத அளவு மை. அடுக்கின் கனத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பவுடர் தூவியும் பயனில்லை. மூவாயிரம் ஷீட்.

"இனி புக்கான் கவர், இனி குவே லாப்பிஸ்" என்றார் தவுக்கே. இது அட்டை இல்லை, அடுக்குப் பலகாரம். சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஷீட்டில் ஒன்றை என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தார். ஆறு மாதம் அந்த விளக்கின் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

ஆகவே ஆர்ட் பேப்பரில் 300க்குமேல் போகாதீர்கள். பளபளப்புப் பூச்சில்லாத சிமிலி தாள் என்றால் 260, 280. செய்தித்தாள் என்றால் 240. இன்ஃபோ பேனலில் டோட்டல் இங்க் என்று வைத்துக்கொண்டு இருட்டான மூலைகளில் மவுஸை ஓட்டிப் பாருங்கள். பிடிஎஃப் ஆனபின் அக்ரோபாட்டில் அவுட்புட் பிரிவியூ இன்னும் தெளிவாகக் காட்டும், எல்லை மீறிய இடமெல்லாம் பச்சையாக மின்னும்.

மார்ச் 4, காலை 8.50

பச்சை என்றது என் கம்ப்யூட்டரில். அந்த எச்சரிக்கை நிறத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 5, மாலை 6.40

தலைவர் முகம். அடுத்த மலரில் எல்லோரும் முதலில் புரட்டப்போகும் பக்கம் அதுதான், மூலவர் பக்கம்கூட இல்லை.

அச்சில் ஒரு சமன்பாடு உண்டு: சயான் 50, மஜெந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்தால் சாம்பல். நடுநிலைச் சாம்பல் எப்படி வரும் என்று பார்க்க மெஷின்காரர்கள் இதையே அடித்துப் பார்ப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தலைவரின் கன்னத்தில் மவுஸை வையுங்கள். பளபளக்கும் இடத்தில் இல்லை, கன்னத்தின் நடுவில். பழைய மலரின் ஃபைலில் நான் பார்த்தது சயான் 51, மஜெந்தா 54, மஞ்சள் 53. சாம்பலுக்குப் பக்கத்து வீடு. முகம் சாம்பலாகத்தானே வரும்?

நம்மவர் மாநிறத்துக்கு நான் தேடுகிற எண்: மஜெந்தா 55, மஞ்சள் அதைவிடப் பத்து கூட, 65. சயான் 32லிருந்து 36. கறுப்பு ஐந்து, எட்டு. இன்னும் கறுத்த முகம் என்றால் எல்லாவற்றையும் கூட்டலாம். ஆனால் சயான் மஜெந்தாவின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது. இருட்டு வேண்டுமானால் கறுப்பில் ஏற்றுங்கள், சயானில் ஏற்றாதீர்கள். முகத்தில் சயான் என்பது ரசத்தில் புளி மாதிரி. இல்லாமல் முடியாது, ஏறினால் வாயில் வைக்கமுடியாது.

பாடப்புத்தகங்களில் கிடைக்கும் "தோல் நிறம்" எண்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கன்னத்துக்கு எழுதியவை. அதைப் போட்டுத்தான் நம் மலர்களில் தாத்தாக்கள் எல்லாம் ரோஜா நிறத்தில் சிரிக்கிறார்கள். சிலர் கேட்டே செய்கிறார்கள், அது தனி வருத்தம். "கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி" என்று என்னிடம் சொல்லாத செயலாளர் இல்லை. ஏற்று என்றால் வெளுக்க வை என்று அர்த்தம்.

வேட்டியும் விபூதியும். பிளாஷ் அடித்த படத்தில் வேட்டி முழுக்க 0 ஆகியிருக்கும். 0 என்றால் அங்கே மை இல்லை, வெறும் தாள். மனிதர் இடுப்புக்குக் கீழே ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். சயான் 5, மஜெந்தா 3, மஞ்சள் 3 இருந்தால் துணி துணியாகத் தெரியும், மடிப்பும் தெரியும். சயான் அந்த ஒன்றிரண்டு புள்ளி கூட இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வேட்டி பழுப்பேறிவிடும்.

மார்ச் 6, காலை 11.00

வாசகர் அனுப்பிய 140 படங்களில் 97 வாட்ஸ்அப் வழியாக வந்தவை. எண்ணிப் பார்த்தேன்.

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் பதின்மூன்றரை சென்டிமீட்டர். கால் பக்கப் படமாகப் போடலாம், முழுப் பக்கத்துக்குப் போதாது. ஏ4 முழுப் பக்கம், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு விட்டால் 216க்கு 303 மில்லிமீட்டர். அதற்கு 2551க்கு 3579 பிக்சல் வேண்டும். அனுப்புகிறவரிடம் "டாக்குமென்டாக அனுப்புங்க" என்று ஒரு வரி சொன்னால் முடிகிற வேலை. யாரும் சொல்வதில்லை.

அங்குலத்துக்கு 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதினால் மட்டும் பிக்சல் எண்ணிக்கை ஏறிவிடாது. ஆதார் பூர்வமாக... மன்னிக்கவும், ஆதாரபூர்வமாகச் சொல்கிறேன், என் சொந்த அண்ணன் மகன் அப்படிச் செய்துவிட்டு என்னிடம் வாதாடினான்.

300 எங்கிருந்து வந்தது என்றால், 150 வரித் திரைக்கு, அதாவது அங்குலத்துக்கு 150 வரிசை அச்சுப் புள்ளிக்கு, இரண்டு மடங்கு. இப்போது பல அச்சகங்களில் 175 வரி ஓடுகிறது, இருந்தாலும் ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் 260 இருக்கிற படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். 120 இருப்பதை எறியுங்கள், அல்லது தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள்.

மார்ச் 6, இரவு 9.30

செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்கலாமே என்று பினாங்கு நண்பர் ஒருவர் கேட்டார். கோபுரத்துக்குச் செய்து பார்த்தேன். தூரத்தில் நன்றாக இருந்தது. கிட்டப் போனால், மூன்றாவது நிலையில் நின்ற துவாரபாலகருக்கு ஆறு விரல். குழுப் படத்தில் ஒரு பாட்டிக்கு இல்லாத பல் முளைத்திருந்தது. அந்தப் பாட்டி இப்போது இல்லை. வீட்டார் பார்த்தால் என்ன சொல்வார்கள்? சின்னதாகவே போட்டுவிட்டோம்.

மார்ச் 8, மதியம் 3.15

பொன் பற்றி. வாசகர் பக்க ஓரமெல்லாம் தங்கப் பட்டை போட்டிருக்கிறார். நாலு மையில் அது கடுகு நிறம்தான். எவ்வளவு முயன்றாலும் கடுகு.

"அப்படியென்றால் பத்துமலை முருகன் மட்டும் அச்சில் தங்கமாகத் தெரிகிறாரே" என்று கேட்டார். நல்ல கேள்வி, கொஞ்ச நேரம் யோசித்தேன். 2006இல் திறந்த அந்தச் சிலை 42.7 மீட்டர். வெயில் படுகிற தோளில் கிட்டத்தட்ட வெள்ளை, மடிப்புகளில் பழுப்பு, இடையில் மஞ்சள். இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைத்தான் கண் "தங்கம்" என்று படிக்கிறது. பட்டையில் ஒரே நிறம் தட்டையாகக் கிடக்கிறது. மினுக்கம் இல்லாத தங்கம் கடுகு. தங்கமே வேண்டும் என்றால் ஐந்தாவது பிளேட், பான்டோன் 871 மாதிரி உலோக மை, அல்லது அட்டையில் மட்டும் ஹாட் ஸ்டாம்பிங், தங்கத் தாளைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது. காசு இல்லையா, பட்டையை எடுத்துவிடுங்கள். எடுத்தார். பக்கம் மூச்சு விட்டது.

படிக்கட்டு வேறு கதை. 272 படிக்கும் 2018இல் வண்ணம் அடித்தார்கள். அதிலிருக்கும் பச்சையும் ஆரஞ்சும் நாலு மைக்குள் முழுதாக அடங்காது. கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும், ஒப்புக்கொள்ளுங்கள். செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளை இடம் விடாதீர்கள். சுற்றிலும் கொஞ்சம் இருட்டுப் பாறை இருந்தால் நிறம் உயிரோடு தெரியும். நிறத்தைக் கூட்ட முடியாதபோது பக்கத்தில் இருப்பதைக் குறைப்பது. நல்லவேளை, பத்துமலையில் பாறைக்குப் பஞ்சமில்லை.

மார்ச் 10, இரவு 11.50

பினாங்கு நண்பர் என்னைத் திருத்துகிறார். "ஏன் இப்போதே சிஎம்ஒய்கேக்கு மாற்றுகிறீர்கள்? படங்களை ஆர்ஜிபியாகவே வைத்து, கடைசியில் பிடிஎஃப் எடுக்கும்போது ஒரே தடவை மாற்றலாமே. தாள் மாறினால் திரும்பவும் உட்கார வேண்டாமே."

அவர் சொல்வது சரி. நானும் என் சொந்த வேலைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். முதல் நாளே அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆர்ஜிபியில் திருத்துங்கள், ஒத்திகையைப் பார்த்துக்கொண்டே திருத்துங்கள், மூலத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மயிலையும் தலைவரையும் மட்டும் நானே கையால் மாற்றுவேன். அந்த இரண்டிலும் எண் எனக்கு வேண்டும். பிறகு, சின்ன அச்சகத்துக்கு ஆர்ஜிபி கலந்த பிடிஎஃப்/எக்ஸ்-4 கொடுத்தால், அங்கே இருக்கும் பழைய ரிப், பக்கத்தை அச்சுப் புள்ளியாக்குகிற மென்பொருள், எந்தப் புரொஃபைலில் மாற்றும் என்று முருகனுக்குத்தான் தெரியும். ஆர்ஜிபியை ஏற்காத பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ கொடுத்தால் எல்லாம் நாம் மாற்றியபடியே போகும். பழைய வடிவம்தான், 2001 காலத்தது. பழைய பாத்திரத்தில் பால் திரியாது.

மார்ச் 11, காலை 7.30

பழைய பாத்திரத்தில்தான் பால் திரியும் என்று வீட்டில் திருத்தம். சரி, விடுங்கள். கருத்து அதுவல்ல.

மார்ச் 13, இரவு 10.10

எழுத்து. இது படம் பற்றிய இழை என்று தெரியும், ஆனால் அவர் வாழ்த்துரைகளை வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கி, அதைப் படமாக ஒட்டியிருக்கிறார். ஆர்ஜிபி கறுப்பு 0, 0, 0 மாறும்போது என்ன ஆகும் தெரியுமா? சயான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. ஒவ்வொரு எழுத்தும் நான்கு பிளேட்டில். ஒரு பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் "வார்னா லாரி" என்பார் மெஷின்காரர், நிறம் ஓடிவிட்டது. ஆங்கில எழுத்து தாங்கும். நம் ணகரத்தின் சுழியும் ஜகரத்தின் வளைவும் ஒன்பது பாயின்ட் அளவில் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி ஒரு பக்கம் சிவப்பாக எட்டிப்பார்க்கும். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் புள்ளி காணாமலே போகும், "அம்மன்" போய் "அமமன" ஆகும்.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். கறுப்பு 100 மட்டும், ஓவர்பிரின்ட், அதாவது கீழே இருக்கும் நிறத்தின்மேலேயே அடிப்பது. இருட்டில் வெள்ளை எழுத்து வேண்டுமானால் பத்து பாயின்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்துருவில். பெரிய கறுப்புப் பரப்புக்குச் சயான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100. கூட்டினால் 240, கனமாகவும் இருக்கும், ஒட்டவும் ஒட்டாது.

ஒரு வாழ்த்துரை பழைய குறியாக்கத்தில் வந்து கட்டம் கட்டமாகத் திறந்தது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் 1985இல் நம் ஊரில் பிறந்தது. அதன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு இன்னும் யூனிகோடுக்கு வராதவர்களை என்னவென்று சொல்வது.

மார்ச் 15, மாலை 5.00

சின்ன விஷயம். 1960களின் பத்திரிகைத் துண்டு ஒன்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார். அதில் ஏற்கெனவே அச்சுப் புள்ளி இருக்கிறது. அதன்மேல் நம் புள்ளி விழுந்தால் அலையலையாக ஒரு கோலம் வரும், மொய்ரே. இரண்டு மடங்கு அளவில் ஸ்கேன் செய்து, லேசாக மங்கலாக்கி, பிறகு சுருக்குங்கள். நெருக்கமான பட்டுப்புடவைக் கட்டத்திலும் இதே தொல்லை வரலாம். கறுப்பு 45 பாகை, சயான் 15, மஜெந்தா 75, மஞ்சள் 0 என்று கோணம் பிரித்து வைப்பதே இந்தச் சண்டை வராமல் இருக்கத்தான். புடவைக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது.

மார்ச் 18, இரவு 8.45

புரூஃப் வந்துவிட்டது என்று வாசகர் மாமாக் கடையிலிருந்து படம் அனுப்பினார். தே தாரிக் கிளாசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, டியூப் லைட்டின் கீழே. "நீலம் ரொம்ப நீலமா இருக்கு அண்ணே, குறைக்கவா?"

குறைக்காதீர்கள். அந்த வெளிச்சமே நீலம். 5000 கெல்வின் விளக்கின் கீழேதான் புரூஃபைப் பார்க்கவேண்டும். அச்சகத்தில் அதற்கென்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். இல்லையென்றால் காலை பத்து மணிக்கு, நேர் வெயில் படாத ஜன்னலோரம். அது லேசர் பிரின்டா, நிறத்துக்கென்று அடித்த புரூஃபா என்றும் கேளுங்கள். லேசர் பிரின்டில் பக்க வரிசை பார்க்கலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம், நிறம் பார்க்கக்கூடாது.

தே தாரிக்கைத் தள்ளி வையுங்கள்.

மார்ச் 19, காலை 6.30

லேசர் பிரின்ட்தானாம்.

மார்ச் 23, இரவு 11.20

நல்ல புரூஃப் வந்தது. மயில் நீலம். தலைவர் மனிதர். ஆனால் பக்க அடுக்கைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

64 பக்கம் என்றால் 16 பக்கமாக நான்கு செக்‌ஷன். ஒரு பெரிய ஷீட்டின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம், நான்கு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் தலையோடு தலை ஒட்டி. மை சாவிகள் ஷீட்டின் அகலத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாக இருக்கும். ஒரு சாவியைத் திறந்தால் அந்த நெடுவரிசை முழுவதற்கும் மை கூடும். அதாவது ஒரே நெடுவரிசையில் நிற்கும் இரண்டு பக்கமும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கின்றன.

இந்த அச்சகம் அடுக்கும் முறையில் 4ஆம் பக்கமும் 5ஆம் பக்கமும் ஒரே நெடுவரிசை. 4ஆம் பக்கம் மயில். 5ஆம் பக்கம் தலைவர் வாழ்த்துரை.

மயிலுக்குச் சயான் போதவில்லை என்று மெஷின்காரர் சாவியைத் திறந்தால், அடுத்த நிமிடம் தலைவருக்குச் சாம்பல் அடிக்கும். போன மலரிலும் இதுதான் நடந்திருக்கும் என்று இப்போது சந்தேகம். பழைய பிரதியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதிலும் 4, 5தான். தலைவர் ஃபைலில் சயான் 51 இருந்தது என்று மேலே பழி போட்டேனே, அது பாதிதான். மீதி மயிலின் பழி.

வாழ்த்துரையை 7ஆம் பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். 7 ஷீட்டின் மறுமுகத்துக்குப் போய்விடும், மயிலோடு ஒட்டும் உறவும் இல்லை. "தலைவருக்கு முன்னாடி செயலாளர் வாழ்த்து வந்துடுமே" என்று வாசகர் அலறினார். நிறப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினைதான். கடைசியில் மயிலைத்தான் 8ஆம் பக்கத்துக்குத் தள்ளினோம். 8 முதல் பக்கத்தோடு ஜோடி, அங்கே தலைப்பும் கோபுரத்தின் கோட்டோவியமும் மட்டும். முருகனுக்கு ஆட்சேபணை இல்லை.

ஏப்ரல் 1, அதிகாலை 2.40

மெஷினிலிருந்து எழுதுகிறேன். கடைசிநேரத்தில் வாசகர் தனியாகப் போகப் பயந்தார், கூட வந்தேன்.

முதல் இருநூறு ஷீட்டை மெஷின்காரர் பார்க்கவே இல்லை, மையும் தண்ணீரும் நிலைப்படும்வரை அப்படித்தான். பிறகு ஒன்றை உருவி மேசையில் போட்டார். லூப்பை, அந்தச் சின்னப் பூதக்கண்ணாடியை, வைத்து மயில் கழுத்தைப் பார்த்தேன். சயான் புள்ளிகள் நெருக்கமாக, மஜெந்தா இடைவெளி விட்டு, பூ மாதிரி வட்டம் வட்டமாக. ரோசட் சுத்தமாக இருந்தது. ஆனால் புரூஃபைவிடக் கொஞ்சம் தடிமன். மை தாளில் விழும்போது புள்ளி பருக்கும், 50 என்று கொடுத்தது ஆர்ட் பேப்பரில் 63, 65 ஆவது வழக்கம். அதைப் புரொஃபைல் ஏற்கெனவே கணக்கில் எடுத்திருக்கிறது. இங்கே அதற்குமேலும் பருத்திருந்தது. அந்த நெடுவரிசையில் மஜெந்தாவை ஒரு துளி இறக்கச் சொன்னேன். அவர் மூன்று சாவியை மட்டும் தொட்டார். அடுத்த ஷீட்டில் கழுத்து குளிர்ந்தது.

போன மாதிரி இப்போதும் மயில் 4ஆம் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த ஒரு துளியை வாங்கியிருக்க முடியாது.

படிக்கட்டு சொன்னபடியே கொஞ்சம் வெளுப்பு. வாசகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாறை நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 1, அதிகாலை 3.05

ஷீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஆசிரியர் பச்சைப் பேனாவைத் தேடுகிறார்.

ஏப்ரல் 9, இரவு 9.50

மலர் வந்துவிட்டது. தலைவர் பார்த்தாராம். "இந்த வாட்டி கொஞ்சம் கறுத்துட்டேன் போல" என்றாராம். வாசகர் போன மலரை எடுத்துப் பக்கத்தில் வைத்தாராம். மனிதர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பழையதை மூடி வைத்துவிட்டுப் புதியதில் தன் பக்கத்தைத் தம்பி வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினாராம். வாட்ஸ்அப்பில்தான்.

கையெழுத்துப் போட்ட ஷீட்டை மடிக்காமல் சுருட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். எந்தத் தாள், எந்தப் புரொஃபைல், அந்த மூன்று சாவி, எல்லாவற்றையும் அதன் ஓரத்திலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள். அடுத்த மலருக்கு உங்களுக்குப் பதில் வேறு யார் தலையில் விழப்போகிறதோ.